பாறைத் தண்ணீரில் கிருமி இருக்காதா?

மதுரை கே.கே. நகரில் புதிதாகப் போர் போடும் வீடுகளில் எல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கிறேன்: "ஐநூறு அடி பாறையைக் குடைஞ்சு எடுத்த தண்ணி சார், அதுல கிருமி எங்கிருந்து வரும்?" வீட்டுக்காரர் சொல்கிறார், போர் வண்டிக்காரர் சொல்கிறார், அடுக்குமாடிச் சங்கச் செயலாளரும் சொல்கிறார். தொட்டியில் குளோரின் போடச் சொன்னால், "பாறைத் தண்ணிக்கு எதுக்கு மருந்து?" என்று என்னையே மடக்குகிறார்கள். நுண்ணுயிரியல் படித்துவிட்டுத் தண்ணீர்ப் பரிசோதனையே வேலையாக இருப்பவன் சொல்கிறேன்: இது அடியோடு தவறு. பிள்ளைகளின் வயிற்றைக் கெடுக்கிற தவறு.

போரின் ஆழம் வேறு, தண்ணீர் வருகிற ஆழம் வேறு. மதுரையைச் சுற்றி அடியில் கிடப்பது நைஸ், சார்னக்கைட், கிரானைட் என்று கடும்பாறை. கெட்டிப்பாறைக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. மேலே உளுத்துப்போன பாறை அடுக்கிலும் கீழே விரிசல்களிலும்தான் தங்கும். கேசிங் பைப்பைக் கெட்டிப்பாறை தட்டுகிற வரைதான் இறக்குவார்கள். அதற்குக் கீழே வெறும் துளைதான். எண்பது அடியில் ஒரு விரிசல் இருந்தால் அந்தத் தண்ணீர் துளைச் சுவரில் வழிந்து அடியில் சேரும். நானூறு அடியில் தொங்குகிற மோட்டார் மேலே தள்ளுவது அந்த எண்பது அடித் தண்ணீராகவும் இருக்கலாம்.

"பாறை வடிகட்டிடும்" என்பது அடுத்த வாதம். மண் வடிகட்டும், மணல் வடிகட்டும். அவற்றில் தண்ணீர் மெதுவாக ஊறி இறங்கும்போது கிருமி துகளில் ஒட்டிக்கொள்ளும், வேறு நுண்ணுயிர்களுக்கு இரையாகும், நாளாக ஆகச் செத்தும் போகும். விரிசலில் இதற்கெல்லாம் அவகாசம் இல்லை. பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. தலைமுடி அகல விரிசலே அதற்கு வைகை ஆறு. அந்த விரிசலின் மேல்முனை பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்குக்கு அடியில் இருந்தால் என்ன வரும் என்று யோசியுங்கள். வண்டியூர் கண்மாய் நிறைந்தால் போரில் மட்டம் ஏறும் என்று சந்தோஷப்படுகிறவர்கள்தான், மேலே இருக்கிற கிருமி கீழே வராது என்றும் சாதிக்கிறார்கள். கண்மாயில் கழிவுநீர் கலப்பதை ஊரே பார்க்கிறது. கண்மாய்த் தண்ணீர் இறங்கும், கிருமி மட்டும் கரையிலேயே நின்றுவிடுமா?

பாறைக்குள் உயிரே கிடையாது என்பதும் பொய். தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்து விரிசல் நீரில், டெசல்ஃபோரூடிஸ் என்ற பாக்டீரியா கிட்டத்தட்டத் தனியாகவே வாழ்வது 2008-ல் வெளியானது. யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்கும்போது வருகிற ஹைட்ரஜனும், பாறையிலிருந்து கிடைக்கிற சல்பேட்டும் அதற்குப் போதும். வெயிலே வேண்டாம். நம் நாட்டிலும், மகாராஷ்டிராவின் கொய்னாவில் நிலநடுக்க ஆய்வுக்காகத் துளையிட்டு எடுத்த ஆழத்துக் கிரானைட்டில் நுண்ணுயிர்கள் இருப்பதை ஐ.ஐ.டி. காரக்பூர் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பாறைவாசிகளில் பெரும்பாலானவை நமக்கு நோய் தருவதில்லை. நோய் தருபவை நம் கழிவிலிருந்து இறங்குகிறவை. ஆனால் பாறைவாசிகள் தண்ணீரை மாற்றும். வங்காளத்தின் வண்டலில் இரும்புத் தாதுவோடு ஒட்டிக் கிடக்கும் ஆர்செனிக்கைத் தண்ணீரில் அவிழ்த்துவிடுவதில் நுண்ணுயிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. குளத்துக் கிருமிக்குப் பயந்து குழாய்க் கிணறு போட்ட மக்களுக்கு அங்கே அந்த விஷம் காத்திருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தண்ணீர் சிவந்தால் பைப் துரு என்கிறார்கள். போரில் இறங்குவது பிளாஸ்டிக் பைப்பாக இருக்கும்போது துரு எங்கிருந்து வரும்? பாறையிலிருந்து கரைந்த இரும்பைக் காற்றுப் பட்டதும் கேலியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் படியவைக்கின்றன. மோட்டாரை மேலே தூக்கும்போது பைப்பில் அப்பியிருக்கிற சிவப்பை விரலால் தேய்த்துப் பாருங்கள்: துருவாக இருந்தால் நறநறக்கும், இது வழவழவென்று வரும். வாளித் தண்ணீரில் எண்ணெய் மாதிரி மினுங்குகிற ஏட்டைக் குச்சியால் குத்தினால் சில்லுசில்லாக உடையும். எண்ணெய் என்றால் உடனே கூடிவிடும். அழுகிய முட்டை நாற்றம் எல்லாமே சாக்கடை இல்லை. சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவும் அந்த நாற்ற வாயுவை விடும். டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பை மட்டும் சொல்லும், கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. யானைமலையில் மழைநீர் வழிகிற தடமெல்லாம் கறுத்திருப்பது புகையோ தீயோ அல்ல, பாறைமேல் வளர்கிற நீலப்பச்சைப் பாசியும் கற்பாசியும்தான்.

எனக்குப் பொறுக்கவே முடியாத ஒன்று உண்டு. வறண்ட போரில் கழிவுநீரை இறக்குகிறவர்கள். "எதுக்கு வீணா கிடக்கணும்" என்று குளியலறைத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார்கள். வடிகட்டுகிற மேல்மண் முழுவதையும் தாண்டி, தெருவே குடிக்கிற விரிசலுக்குள் நேராக ஊற்றுகிற வேலை இது. மாநகராட்சி இதைக் குற்றமாகப் பார்த்து அபராதம் போட வேண்டும். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நல்ல சட்டம். ஆனால் மொட்டைமாடிக் குழாயை அப்படியே போர் வாயில் சொருகாதீர்கள். மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாக விடுங்கள். கேசிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமென்ட் கலவையால் அடைத்து, வாயைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டினால் வீட்டுப் போர்த் தண்ணீரையும் பார்த்துத் தருவார்கள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்; கிருமி நீக்கிய பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். உப்பும் கடினத்தன்மையும் பார்த்தால் போதும் என்று திரும்பிவிடாமல் ஈ.கோலை சோதனையையும் கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லிலிட்டர் குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடிவு கைக்கு வரும்வரை காய்ச்சிக் குடியுங்கள்.