சிறிதாய்ப் பிறந்த சிசு: குருதி சொல்லும் பாடம்

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருக்கும் சிசுவை நிறை குறைந்த பிள்ளை என்கிறோம். மாதம் நிறையாமல் பிறந்ததாலோ, கருப்பையில் போதிய போசாக்குக் கிடைக்காததாலோ இவ்வாறு நேரலாம். இப்பிள்ளையை எப்படியாவது கொழுக்க வைத்துவிட வேண்டும் என்றே வீட்டார் எண்ணுவர். இது சரிதானா? சிசுவின் குருதியிலுள்ள மூன்று பொருள்களைப் பார்ப்போம்.

குளுக்கோசு: சிறிய பிள்ளையின் ஈரலில் சேமிப்புக் குறைவு. ஆகவே பிறந்த முதல் மணித்தியாலங்களில் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முதல் மணித்தியாலத்துக்குள் தாய்ப்பாலூட்டுவதும், தாயின் நெஞ்சோடு அணைத்துச் சூடு காப்பதும் இதனாலேயே அவசியமாகின்றன.

ஐ.ஜி.எப்.-1: இது வளர்ச்சியைத் தூண்டும் ஓமோன். கருவில் உணவு குறைந்தால் இதுவும் குறையும். பிறந்தபின் போதிய பால் கிடைக்கும்போது உயரும், பிள்ளையும் தேறும்.

இன்சுலின்: குருதியிலுள்ள சீனியைத் தசைகளுக்குள் செலுத்துவது இதன் வேலை. இந்தியாவின் பூனே நகரில் பிறந்த சிசுக்களை லண்டனில் பிறந்த வெள்ளையினச் சிசுக்களுடன் ஒப்பிட்ட ஆய்வொன்று 2002இல் வெளியானது. பூனே சிசுக்கள் நிறை குறைந்தவர்கள். இருந்தும் அவர்களின் தொப்புட்கொடிக் குருதியில் இன்சுலின் கூடுதலாக இருந்தது. மெலிந்த சிசுவிடமும் பிற்கால நீரிழிவின் வித்து இருக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

இங்கே இரண்டு தவறுகள் நேரலாம். ஒன்று, பிள்ளை வளராமல் விடுவது. இங்கிலாந்தின் ஹார்ட்போர்ட்ஷயரில் வைத்தியர் டேவிட் பார்க்கர் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறப்பிலும் ஒரு வயதிலும் நிறை குறைந்திருந்த ஆண்களிடையே இருதய நோய் மரணம் கூடுதலாக இருந்தது. மற்றது, அவசரப்பட்டுக் கொழுக்க வைப்பது. செறிவூட்டிய பால்மா பெற்ற சிறிய சிசுக்களுக்கு, 6 முதல் 8 வயதில் இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்ததை 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஓமோன்களை அளக்கும் பரிசோதனை கிராமத்தில் நமக்குத் தேவையில்லை. தராசும் வளர்ச்சிப் பதிவேடும் போதும். நாம் செய்யக்கூடியவை:

1. முதல் 6 மாதமும் தாய்ப்பால் மாத்திரம் கொடுத்தல். வைத்தியர் இரும்புச்சத்தோ வேறு உணவோ விதித்தால் அதன்படி நடத்தல்.

2. மாதந்தோறும் நிறுத்தல். கோடு மேலே செல்ல வேண்டும். தட்டையானாலோ சரிந்தாலோ குடும்ப நல மாதுவிடம் உடனே காட்டுதல்.

3. 6 மாதத்தின் பின் சோற்றுடன் பருப்பு, மீன், முட்டை, கீரை சேர்த்தல். சீனியும் இனிப்புப் பானங்களும் தவிர்த்தல்.

4. கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் தரும் திரிபோஷாவை வீட்டார் பங்கிடாமல் அவளுக்கே விடுதல். சிசுவின் நிறை தாயின் தட்டிலேயே தொடங்குகிறது.

கலந்துரையாடுங்கள்: நமது கிராமத்தில் "கொழுத்த பிள்ளையே சுகமான பிள்ளை" என்ற எண்ணம் உண்டா? வீட்டில் கர்ப்பிணி கடைசியாக உண்பவளா? இதை மாற்ற நமது மாதர் சங்கம் என்ன செய்யலாம்?