பத்து மாச அட்வான்ஸ்: கோவளத்துல ஒரு பாடம்

சிறுசேரி சிப்காட்ல வேலை உறுதியானதும் நானும் ரூம்மேட்டும் கோவளம் பக்கம் ஒரு ஒன் பிஎச்கே பார்க்கப் போனோம். நீச்சல் குளம், ஜிம், பால்கனியில நின்னா கடல். விளம்பரத்தில் 600 சதுர அடி, வாடகை 18,000. டேப் வச்சு அளந்தோம் (சிவில் படிச்சது வேற எதுக்கு?). பால்கனியை விட்டுட்டுப் பார்த்தா உள்ளே 420தான்.

மீதி எங்கே போச்சு? 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கில் லிஃப்ட், படிக்கட்டு, லாபி எல்லாத்திலும் நம்ம பங்கு சேரும். 2016 ரெரா சட்டம் சொல்லும் கார்ப்பெட் ஏரியாவில் வெளிச்சுவர், பால்கனிகூட வராது. ஆக, சதுர அடிக்கு 30 ரூபாய் இல்லை, கிட்டத்தட்ட 43.

அடுத்து அட்வான்ஸ். ஓனர் கேட்டது பத்து மாசம், அதாவது 1,80,000. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி உச்சவரம்பு மூணு மாசம், 54,000தான். ஆனா அந்தப் பிரிவுக்கே ஒரு வால் இருக்கு: 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்'. பத்து மாசம்னு எழுதின அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டா அந்தப் பாதுகாப்பு அவ்வளவுதான். காலி பண்ணின ஒரு மாசத்துக்குள், உரிய பிடித்தம் போக, பணம் திரும்ப வரணும். பெயின்டிங்னு சொல்லி ஒரு மாச வாடகையைப் பிடிக்கிறது சென்னை வழக்கம். அதையும் முன்னாடியே பேசி எழுதிக்கணும்.

சட்டத்தைச் சொன்னதும் ஓனர் சிரிச்சார். ஆறு மாசத்துக்கு இறங்கினார். ரூம்மேட் சரின்னுட்டான். நான் இன்னும் அக்ரிமென்டைப் படிச்சுட்டு இருக்கேன்.