பயத்தை அய்யாவிடம் ஒப்படைப்போம்

அய்யா உண்டு.

இந்தச் சொல் வாயில் வராத நாள் அன்புக்கொடி மக்களுக்கு இல்லை. பதிக்குள் நுழையும்போதும் சொல்லுகிறார்கள். வழியில் ஒருவரையொருவர் காணும்போதும் சொல்லுகிறார்கள். ஆனால் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்துவிட்டால், வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால், மகளுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போனால், அதே வாய் “இனி என்ன ஆகுமோ” என்று புலம்பத் தொடங்குகிறது. “அய்யா உண்டு” என்ற சொல் உதட்டில் இருக்கிறதா, உள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்பதைத் துன்பகாலமே காட்டித் தருகிறது.

பயம் வருவது பாவமாகாது. உடல் எடுத்த எல்லாருக்கும் அது வரும். வந்த பயத்தை யாரிடம் கொண்டு போகிறோம், அது சொல்லுகிறபடி நடக்கிறோமா, அய்யா சொல்லுகிறபடி நடக்கிறோமா என்பதே கேள்வி.

பேய்ப்பயம் எரிந்த கதை

அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டது கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833-ஆம் ஆண்டு. அன்றைய தென் திருவிதாங்கூரில் சான்றோர் மக்களின் வாழ்வு பயத்தாலேயே கட்டப்பட்டிருந்தது. தலைவரிக்குப் பயம், கூலியில்லாத ஊழிய வேலைக்குப் பயம், அதிகாரிக்குப் பயம். ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. பெண்கள் மாராப்பு இடக்கூடாது. இவை போதாதென்று பேய்ப்பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பேய். மாடு பால் மறத்தாலும் பேய். உழைத்துச் சேர்த்த காசு ஆட்டுக்கும் கோழிக்கும் மந்திரவாதிக்கும் போய்ச் சேர்ந்தது.

அய்யா தவமிருந்த காலத்தில் பேய்கள் தங்கள் பலத்தை ஒப்படைத்து எரிந்துபோயின என்றும், மலையில் வாழ்ந்தோர் தங்கள் மந்திர வித்தைகளை அய்யாவிடம் ஒப்படைத்தார்கள் என்றும் அகிலத்திரட்டு உரைக்கிறது. உயிர்ப்பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்றார் அய்யா. நோயோடு வந்தவர்களுக்கு அவர் தந்தது மண்ணும் தண்ணீரும்தான். மனிதரிடம் குனிந்தே பழகிய தலையில் தலைப்பாகை கட்டி இறைவன் முன் நிற்கச் சொன்னார்.

இன்றும் வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தால் சிலருக்குக் கைகால் நடுங்குகிறது. உச்சிப்படிப்புக்குத் தவறாமல் வருகிறவர்கூட, செய்வினை என்று யாராவது சொல்லிவிட்டால், இருட்டிய பிறகு ஒருவருக்கும் தெரியாமல் தகடும் தாயத்தும் தேடிப் போய்விடுகிறார். அய்யா காசு வாங்காமல் எரித்ததை இவர் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி வருகிறார். நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு இடுப்பில் தாயத்தும் கட்டினால், எந்தக் காவலை நம்புகிறோம் என்பதற்கு மனமே சாட்சி.

சிறையில் காட்டிய வழி

அய்யாவை நம்பினால் துன்பமே வராது என்று நினைப்பவர் உண்டு. அப்படியானால் அய்யாவுக்கே விலங்கு பூட்டப்பட்டது ஏன்?

திருவிதாங்கூர் மன்னரின் சேவகர்கள் பிடிக்க வந்தபோது மக்கள் கொதித்தார்கள். அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு அய்யா தாமே சென்றார். சுசீந்திரத்தில் விசாரணை நடந்தது. பிறகு திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறை. நஞ்சு கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். மிளகாய் வற்றலை எரித்த அறையில் அடைத்தார்கள். கடைசியில் பட்டினி போட்ட புலியின் முன் நிறுத்தினார்கள். அந்தப் புலியும் அய்யாவின் பாதத்தில் படுத்தது என்கிறது அகிலம்.

புலி பணிந்ததைக் கேட்டு மெய்சிலிர்க்கிறோம். அதற்குப் பின் நடந்ததையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டும். விடுதலை தருகிறோம், ஆனால் உன் சாதியாரோடு மட்டும் நீ இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். ஒத்துக்கொண்டால் அன்றே வீடு திரும்பலாம். அய்யா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாச் சாதி மக்களையும் ஒன்றாக்க வந்தவர், சிறைக்கதவு திறப்பதற்காக அதை விட்டுக்கொடுக்கவில்லை. கொல்லம் ஆண்டு 1014 மாசி 19-இல் அவர் விடுதலையானபோது தர்மத்தில் ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை.

பயம் எப்போதும் பேரம் பேசும். “இந்த ஒரு பொய்யைச் சொல்லிவிடு, கஷ்டம் தீரும். தம்பியின் பங்கிலே கை வை, கடன் அடையும். பொய்ச்சாட்சி சொல், வேலை நிலைக்கும்” என்று காதில் ஓதும். அந்த வேளையில் சிங்காரத்தோப்பை நினைக்க வேண்டும். துன்பம் தீர நாள் ஆகலாம். தர்மத்தை விற்றுத் தீர்த்துக்கொள்வதில்லை என்று நிற்பவரே அய்யாவை நம்புகிறவர்.

நாளைக்கு என்ன என்ற பயம்

பின்னர் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசுக்காகக் கடலோரம் சென்றன. மனைவி மக்களோடு சென்றார்கள். ஒருவேளை உணவு, நாள்தோறும் நீராடல், துணி துவைத்தல், அய்யாவை நினைத்துப் போற்றுதல். பிள்ளைகளுக்கு நாளை என்ன என்ற கவலை அந்தத் தாய்மாருக்கும் வந்திருக்கும். அவர்கள் அதை நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. அன்றன்றைய கடமையைச் செய்தார்கள். அருகில் இன்னொரு குடும்பமும் அதே பாட்டைப் பட்டுக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெம்பாயிற்று.

துன்பத்தில் இருப்பவருக்கு இதில் வழி இருக்கிறது. நோய் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தை நேரத்துக்கு எடுக்க வேண்டும். அது நம்பிக்கைக் குறைவாகாது. கடன் இருந்தால் வீட்டாரிடம் மறைக்காமல் கணக்குச் சொல்ல வேண்டும்; மறைத்த கடன்தான் இரவில் பயமாக வளர்கிறது. மாலையில் விளக்கேற்றி, குடும்பமாக உகப்படிப்புச் சொல்ல வேண்டும். மனம் சரியில்லை என்று தாங்கலுக்குப் போவதை நிறுத்தக் கூடாது. அடுத்த வீட்டில் ஒருவர் பயந்து கிடக்கிறார் என்று தெரிந்தால், போய் அருகில் உட்கார வேண்டும். அய்யாவின் துணை பலருக்கு இன்னொரு அன்பர் உருவில்தான் வந்து சேருகிறது.

பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பதை எல்லாரும் அறிவார்கள். பயந்த முகத்தோடு போய் நின்றாலும் அங்கே தெரிவது அந்த முகம்தான். இறைவன் உனக்குள்ளே இருக்கிறான் என்று அது சொல்லுகிறது. உள்ளே இருப்பவர், துன்பம் வந்தவுடன் விட்டுவிட்டு எங்கே போவார்?

ஆண்டுதோறும் மாசி மாதத்தில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகச் சுவாமிதோப்புக்குக் காவிக்கொடியோடு ஊர்வலம் வருகிறது. சிறையிலிருந்து அய்யா திரும்பியதை நினைந்து மக்கள் நடக்கிறார்கள். விலங்கோடு திருவனந்தபுரம் கொண்டு போனவர்கள் அந்தத் திசையில் இப்படி ஒரு கூட்டம் “அய்யா சிவசிவ அரகரா” என்று நடந்து வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இன்று கண்ணீரோடு போகிற வழியின் முடிவும் அய்யாவுக்குத் தெரியும். பொறுத்திருந்து, தர்மம் தவறாமல் நடப்பது அன்புக்கொடி மக்களின் பங்கு. மற்றதை அய்யா பார்த்துக்கொள்வார்.

அய்யா துணை.