சார்பும் ஒழுக்கமும்

ஆன்மா தான் எதனைச் சார்ந்ததோ அதன் வண்ணமாய் நிற்கும் இயல்பினது என்பது சைவசித்தாந்தத் துணிபு. செம்மலரின் அருகில் வைத்த படிகம் செந்நிறமாய்த் தோன்றுதல் இதற்கு உவமையாகக் கூறப்படும். திருவள்ளுவரும் பெரியாரைத் துணைக்கோடலை 45ஆம் அதிகாரத்தும், சிற்றினஞ்சேராமையை 46ஆம் அதிகாரத்தும் அடுத்தடுத்து வைத்தனர். ஆதலால், தீய நண்பரை விலக்குக என்று மாணாக்கர்க்கு நாம் ஓயாது கூறுகின்றோம். ஆயின், பாடசாலை நாடோறும் அவர் கண்முன் நிற்குஞ் சார்பு நாமேயென்பதை மறந்துவிடுகின்றோம்.

1961ஆம் ஆண்டிலே அமெரிக்க தேசத்து ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையில் அல்பேட் பண்டுரா என்னும் உளநூலறிஞரும் அவர் துணைவரும் 72 சிறுபிள்ளைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினர். ஒரு கூட்டத்தார் காண, வளர்ந்தவரொருவர் காற்றடைத்த பெரிய பொம்மையொன்றை அடித்தும் உதைத்தும் கடுஞ்சொற் சொல்லியும் நின்றார். மற்றொரு கூட்டத்தார் கண்டவரோ அமைதியாய் விளையாடினார். பின்னர் அவரில்லாத வேறோர் அறையில் விடப்பட்டபோது, முதற்கூட்டத்துப் பிள்ளைகளுட் பலர் தாம் கண்டவாறே அடித்தனர். கேட்ட சொற்களையே சொல்லினர். அவ்வாறு செய்கவென்று ஏவினார் ஒருவருமிலர்.

யாம் இளமையிற் கிறிஸ்தவ பாடசாலையொன்றிற் கற்றோம். அங்கே உபாத்தியாயர் ஒருவர் மணியடிக்குமுன்னரே வகுப்பு வாயிலில் நிற்பார். காலந்தவறாமையைப்பற்றி அவர் ஒருநாளும் பிரசங்கித்ததில்லை. அவர் வருந்திப் போதித்த மதம் எம்மிடத்து ஒட்டவில்லை. போதியாத அவ்வழக்கமோ இன்றும் எம்மை விட்டகலவில்லை.

எம்மிடமிருந்தும் ஒன்று பரவிற்று. கணக்குப் பிழைத்த மாணாக்கனைப் புருவமுயர்த்தி நோக்கி, "கெட்டிக்காரன்!" என்று இகழ்ந்துரைக்கும் வழக்கம் எமக்கிருந்தது. ஒருநாள் இடைவேளையிலே, திக்கிப் பேசுஞ் சிறுவனொருவனைச் சூழ்ந்து நின்ற பிள்ளைகளுள் ஒருவன், அதே புருவமும் அதே குரலுமாய், "கெட்டிக்காரன்!" என்றான். மற்றையோர் நகைத்தனர். சிறுவன் அழுதுகொண்டு அகன்றான். இகழ்ந்தவனைத் தண்டிக்க எழுந்த யாம் மீளவும் இருந்துவிட்டோம். அவன் எமது மாணாக்கனன்றோ? மறுநாள் வகுப்பிலே, அச்சொல்லை இனிச் சொல்லோமென்று கூறி, அச்சிறுவனிடம் பொறுதி வேண்டினோம். அச்சொல் எமது நாவைவிட்டு நீங்கச் சின்னாட் சென்றன. பிள்ளைகள் நாவைவிட்டு நீங்கப் பன்னாட் சென்றன.

உபாத்தியாயர்களே, கோயில் வாயிலில் நாம் நிற்கும் நிலை, பாடசாலைக் காவலாளியோடு பேசுஞ் சொல், பிழைத்தவனைப் பார்க்கும் பார்வை ஆகிய இவையெல்லாம் நேரசூசியில் எழுதப்படாத பாடங்கள். நாளைய பாடத்துக்கு இன்றிரவு ஆயத்தஞ் செய்யும்போது, இன்று பகல் இவற்றை எவ்வாறு படிப்பித்தோமென்றும் சிறிது சிந்திப்போமாக.