எல்லையோரப் பேச்சுத் தமிழ்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் ஊர்கள் உள்ளன. பாறசாலையை அடுத்து வருவது களியக்காவிளை. அது தமிழ்நாட்டின் எல்லையூர். முன்பு இவை யாவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. நிலம் பிரிந்தது, ஆயினும் உறவும் பேச்சும் எல்லையின் இருபுறமும் தொடர்ந்தன.

இங்குள்ள முதியோர் 'சொன்னான்' என்பதைப் 'பறஞ்சான்' என்பர். உடல் துடைக்கும் துண்டு அவர்களுக்குத் 'துவர்த்து', நினைவு 'ஓர்மை', மரவள்ளிக்கிழங்கு 'மரச்சீனி', பலாப்பழம் 'சக்கை'.

இதனை மலையாளம் கலந்த பிழைத் தமிழ் என்று சிலர் நகைப்பர். அது பொருந்தாது. 'பறைதல்' என்பதற்குச் சொல்லுதல் என்றும், 'துவர்த்துதல்' என்பதற்கு ஈரம் போகத் துடைத்தல் என்றும் தமிழகராதி பொருள் கூறுகிறது. 'ஓர்தல்' என்பது எண்ணுதல். பிற ஊர்களில் வழக்கு அருகிய சொற்களை இப்பேச்சு காத்துவருகிறது. மலையாளத்திற்கும் உரிய 'சக்கை' என்னும் சொல், போர்ச்சுக்கீசியர் வழியாகச் சென்று, ஆங்கிலத்தில் பலாவைக் குறிக்கும் 'ஜாக்' ஆயிற்று!

தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் இவ்வட்டாரப் பேச்சிலேயே கதை படைத்தார். 'சாய்வு நாற்காலி' என்னும் புதினத்திற்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

இன்று எல்லைக்கு அப்பால் பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளத்தில் பயில்கின்றனர். இப்பால் பாடநூல் தமிழைப் பயில்கின்றனர். வெளியூர்களில் குடியேறியோரின் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் பேசுகின்றனர். பேசுவோர் குறைந்தால் சொற்களும் மறையும்.

மாணவர்களே! உங்கள் பாட்டியின் பேச்சு பாடநூலிலிருந்து வேறுபடலாம். அதற்காக நாணவேண்டா. பாடநூல் தமிழ் நம் அனைவரையும் இணைக்கும். பாட்டியின் தமிழ் நாம் வந்த ஊரைக் காட்டும். இரண்டும் நமக்கு உரியவை.

பயிற்சி

1. கன்னியாகுமரி மாவட்டத்தில் இணைந்த நான்கு வட்டங்கள் யாவை?

2. பொருள் எழுதுக: துவர்த்து, ஓர்மை, மரச்சீனி.

3. எல்லையோரப் பேச்சைப் பிழைத் தமிழ் என்பது ஏன் பொருந்தாது?

4. உங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டு, பாடநூலில் இல்லாத ஐந்து சொற்களைப் பொருளுடன் எழுதுக.