லே போகும் வழியில் பெட்ரோல்

கேள்வி: மணாலியிலிருந்து லேவுக்கு 350 சிசி வண்டியில் கிளம்புகிறோம். பெரிய டேங்க் மாற்றலாமா?

பதில்: வேண்டாம், வீண் செலவு. தாந்தி பங்கில் நிரப்புங்கள். 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று அங்கே பிரபலமான பலகையே உண்டு. 13 லிட்டர் டேங்க், மலையேற்றத்தில் லிட்டருக்கு 28 கிடைத்தால் 364! அதனால் 5 லிட்டர் இரும்பு கேன் ஒன்று போதும். தண்ணீர் பாட்டிலில் மட்டும் பெட்ரோல் பிடிக்காதீர்கள். கேனை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. வழியில் வரும் தங்லங் லா கணவாய் 17,000 அடிக்கு மேல். வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளே ஆவி முட்டும். மூடியை மெல்லத் திறங்கள். கேனைத் தாழ்வாக, சைலன்ஸருக்கு எதிர்ப்பக்கம் கட்டுங்கள். டேங்கில் இடம் வந்ததுமே ஊற்றிவிட்டால் கசிவு பயமில்லை. பழைய கார்புரேட்டர் வண்டியா? உயரத்தில் இன்னும் குடிக்கும். இரண்டு கேனாக எடுத்துக்கொள்ளுங்கள்.