பழைய பேக்கப் பைல்களை அழிக்க நாமே ஒரு மாட்யூல் எழுதலாம்

தினமும் ஒரே வேலையை மவுஸால் க்ளிக் செய்து அலுத்துவிட்டதா? அதற்கு உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் பவர்ஷெல்.

நான் விண்டோஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். நூறு சர்வர்களில் ஒவ்வொன்றாகப் போய் க்ளிக் செய்து கொண்டிருக்க முடியாது. இந்தச் சிரமத்தைப் போக்க மைக்ரோசாஃப்டில் ஜெஃப்ரி ஸ்னோவர் 2002-ல் 'மோனாட்' என்ற திட்டத்தை எழுதினார். 2006-ல் அதுவே பவர்ஷெல் ஆயிற்று. கட்டளைகளைத் தொகுத்து வைக்கும் மாட்யூல் வசதி 2009-ல் இரண்டாம் பதிப்பில் வந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 5.1 பதிப்பு கூடவே வருகிறது.

ஒரத்தநாடு பக்கம் என் மாமாவுக்கு ரைஸ் மில். தினமும் கணக்குப் பைல் பேக்கப் ஆகி டிரைவ் நிறைந்துவிடும். 30 நாளுக்கு முந்தையதை அழிக்க ஒரு மாட்யூல் எழுதிக் கொடுத்தேன். நோட்பேடில் ஒரு ஃபங்ஷன், அதற்குள் மூன்று கட்டளைகள். கெட்-சைல்ட்ஐட்டம் பைல்களைப் பட்டியலிடும், வேர்-ஆப்ஜெக்ட் தேதி பார்த்துப் பிரிக்கும், ரிமூவ்-ஐட்டம் அழிக்கும். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

பழைய தேதி என்றால் கம்ப்யூட்டருக்குச் சிறியது. ஆகவே '-எல்டி' போட்டிருக்க வேண்டும். '30 நாளுக்கு மேல்' என்று மனதில் ஓடியதால் '-ஜிடி' போட்டுவிட்டேன். பழையது பத்திரமாக இருந்தது, புதியதெல்லாம் போனது. ரிமூவ்-ஐட்டம் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. போதாக்குறைக்கு அடுத்த வாரமே ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. குறுவை அறுவடை நேரம் வேறு. யார் யார் எத்தனை மூட்டை போட்டார்கள் என்று எடைச் சீட்டுகளை வைத்து இரண்டு இரவு உட்கார்ந்து ஏற்றினோம். "இன்ஜினியரிங் படிச்சு என்னப்பா பிரயோஜனம்" என்றார் மாமா.

மதகைத் திறக்குமுன் வாய்க்காலில் உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்போம் அல்லவா? அதற்கு இங்கே '-வாட்இஃப்' இருக்கிறது. ரிமூவ்-ஐட்டம் கட்டளையின் கடைசியில் இதைச் சேர்த்தால் எதுவும் அழியாது. எந்தெந்தப் பைல் அழியும் என்று மட்டும் திரையில் காட்டும். சில நாள் அப்படியே ஓட விட்டு, பட்டியல் சரி என்று தெரிந்த பிறகே அதை எடுங்கள். இதைச் செய்திருந்தால் என் தவறு முதல் நாளே தெரிந்திருக்கும்.

சேவ் செய்யும்போது 'ஆல் பைல்ஸ்' தேர்ந்தெடுத்து, பைல் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து பி.எஸ்.எம்.1 என்று முடியுங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் டெக்ஸ்ட் பைலாக்கிவிடும். டாக்குமெண்ட்ஸில் விண்டோஸ்பவர்ஷெல், அதற்குள் மாட்யூல்ஸ், அதற்குள் மாட்யூலின் பெயரிலேயே ஒரு போல்டர். பைலை அங்கே வையுங்கள். போல்டர் பெயரும் பைல் பெயரும் ஒன்றாக இருப்பது முக்கியம். ஓட்டும்போது சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தால் 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்டு -ஸ்கோப் கரன்ட்யூசர்' என்று ஒருமுறை அடித்தால் போதும்.

மாமாவின் மில்லில் திருத்திய மாட்யூல் இப்போதும் ஓடுகிறது. அவர் மட்டும் சனிக்கிழமை தோறும் பென்டிரைவில் தனியாக ஒரு காப்பி எடுத்துக்கொள்கிறார்.